ஏரிப் பக்கமா, ஆற்றுப் பக்கமா

வாடகைக்குப் பார்க்க வந்த தென்னேரி வீட்டின் முன்னறையில் நின்றபோது அம்சாவுக்குத் தண்ணீருக்குள் நிற்பதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி நிறைந்து கிடந்தது. அதன்மேல் விழுந்த வெயில் உள்ளே ஏறிவந்து கூரையில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி பொன்னியம்மாள் மோட்டார் போடும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நாளையும் சொல்லிக்கொண்டே போனாள். அம்சா தலையாட்டினாளே தவிர எதுவும் காதில் ஏறவில்லை. அர்ஜுனனிடம் அந்த வெளிச்சத்தைக் காட்டலாம் என்று திரும்பினாள். அவன் சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

"நைட் ஷிஃப்ட்டாமா? முகத்தப் பாத்தாலே தெரியுது" என்று பொன்னியம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

அர்ஜுனனுக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அம்சாவுக்குச் செய்யாறில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காஞ்சிபுரத்திலிருந்து அவன் கிழக்கே போகவேண்டும், அவள் பாலாற்றைத் தாண்டித் தெற்கே. கல்யாணம் ஆனதிலிருந்து பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்னப் போர்ஷனில் இருந்தார்கள். வீட்டுக்காரர் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டதால் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அவன் வாசலில் ஷூவைக் கழற்றும்போது அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருப்பாள். அவள் திரும்பிவரும்போது அவன் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பான். சாயங்காலம் வந்ததும் அவன் எழுந்துபோன இடத்தில்தான் போய் விழுவாள். தலையணையில் சூடு மிச்சமிருக்கும். அது அடங்குவதற்குள் தூங்கிவிடவேண்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொள்வாள். பக்கத்தில் ஆள் படுத்திருப்பதுபோலவே கனவு வரும். கையை நீட்டினால் சுவர்தான் தட்டுப்படும்.

தென்னேரியில் இருந்தால் அவனுக்கு ஒரகடம் பக்கம். அம்சா அந்த வீட்டைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. போன மாதம் ஒரு விடியற்காலையில், ஸ்டாண்டில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வண்டியில் வீடு திரும்பும்போது அர்ஜுனன் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்தான். நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னான். இரண்டு நாள் கழித்து, தெருமுனையில் பூக் கட்டும் ரேவதி அவளை நிறுத்தி, "நாயும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. வண்டி அப்படியே ஓரமா போயி சாஞ்சுது. எழுப்பித்தான் தூக்கி உட்டோம்" என்றாள். அம்சா அதை அவனிடம் கேட்கவில்லை. வண்டிச் சாவியை மட்டும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அன்றிலிருந்து அவனும் சாவியைத் தேடவில்லை.

தென்னேரியிலிருந்து திரும்பிவரும் பஸ்ஸில் அம்சா சொன்னாள். "இந்த வூடு எனக்குப் புடிச்சிருக்குதுபா."

"இங்கேர்ந்து செய்யாறுக்கு எத்தினி பஸ்ஸு மாறுவே? எனக்கோசரம் சொல்லாத."

"எனக்கே புடிச்சிருக்குதுன்னா நம்ப மாட்டியா?"

"செவிலிமேட்டுல ஒண்ணு இருக்குது. மொதல்ல அதப் பாரு. வாசல்லயே செய்யாறு பஸ்ஸு நிக்கும்."

"அப்ப உனக்கு? அம்மாந்தூரம் தூங்கிக்கினே வண்டி ஓட்டுவியா?"

அவன் முழங்கையை மறைப்பதுபோலக் கையை மடக்கிக்கொண்டான். "ரேவதியக்கா சொல்லிட்டாங்களா?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் கேட்டான். பஸ் வாலாஜாபாத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டின்மேல் தனக்கு வந்தது ஆசையா, அவன் விழுந்ததால் வந்த பயமா என்று அம்சா யோசித்துப் பார்த்தாள். இரண்டையும் பிரித்தெடுக்க முடியவில்லை. கூரையில் வெளிச்சம் அசைந்தபோது, அதன் கீழே அவன் நாளெல்லாம் நிம்மதியாகத் தூங்குவதைத்தான் அவள் பார்த்தாள். அந்தப் படத்தில் அவள் எங்குமே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டுக்குப் போனார்கள். அன்றைக்கும் அவன் ஷிஃப்ட் முடித்து வந்தவன்தான். வீட்டுக்காரியின் பெயர் ஜஹனாரா. அவள் கணவர் ஷரீஃபுக்கு டவுனில் ஜரிகைக் கடை. கீழே அவர்கள் குடியிருந்தார்கள், மாடி காலியாக இருந்தது.

"தெறந்துதான் இருக்குதுமா. பொறுமையா பாருங்க. நான் தொழுதுட்டு வர்றேன்" என்று ஜஹனாரா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மாடியில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, புதுச் சுண்ணாம்பு வாசனை. பின்பக்க ஜன்னலைத் திறந்ததும் ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து அறை முழுக்க நிறைந்தது. "கீழ ஜில்லுனு இருக்குது, தொட்டுப் பாரேன்" என்று அர்ஜுனன் தரையில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். அவன் பக்கத்தில் அம்சாவும், புடவை கசங்குமே என்று நினைத்துக்கொண்டே, சும்மா ஒரு நிமிஷம் என்று படுத்தாள். தூரத்தில் பாலத்தின்மேல் லாரி ஒன்று போயிற்று. அந்த ஓசை முடிவதை அவள் கேட்கவில்லை.

கண் விழித்தபோது வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்திருந்தது. இது எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. அவன் மூச்சு அவள் காதருகே ஏறி இறங்கியது. தூக்கத்தில் அவன் மூக்கிலிருந்து மெல்லிய விசில்போல ஒரு சத்தம் வரும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அறைக் கதவு யாரோ சாத்திவைத்ததுபோல ஒருக்களித்திருந்தது. அதன் ஓரத்தில் தண்ணீர்ச் செம்பு ஒன்று, மேலே தட்டு மூடி. ஜஹனாரா வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அம்சாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அர்ஜுனன் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "எறங்கணுமா?"

"இல்லபா. தூங்கு."

அவன் தூங்கினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் தூங்குவதை அருகிலிருந்து பார்க்க ஓர் ஊர் வேண்டும், அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று தோன்றியது.

கீழே இறங்கியபோது ஜஹனாரா ஒன்றும் தெரியாதவள்போல, "காத்து நல்லா வருதில்லமா?" என்றாள்.

"வருதுக்கா. நாங்க வந்துர்றோம்" என்றாள் அம்சா.

அர்ஜுனன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தெருவுக்கு வந்த பிறகு, "அப்ப தென்னேரி?" என்று கேட்டான்.

"அங்க இருந்தா இருட்டுல போயி இருட்டுல வருவேன். உன் மூஞ்சியப் பாக்கறது எப்போ? ஆனா ஒண்ணு. நைட் ஷிஃப்ட் முடிஞ்சா வண்டி கிடையாது. ஸ்டாண்டுலேர்ந்து டவுன் பஸ்ஸுதான்."

"டவுன் பஸ்ஸுல தூங்கிட்டா? பாலத்தத் தாண்டி இட்டுக்கினு பூடுவான்."

"தாண்டுனா செய்யாறு. நான் அங்கதான இருப்பேன்."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "சூப்பர்வைசர்கிட்ட பகல் ஷிஃப்ட் கேட்டுப் பாக்கறேன். குடுப்பான்னு சொல்ல முடியாது" என்றான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள்.

நிழற்குடையின் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆற்று மணலில் யாரோ உலர்த்திவிட்டு எடுக்க மறந்த புடவை ஒன்று காற்றில் உப்பி எழுந்து, மறுபடி படுத்துக்கொண்டது. அர்ஜுனனின் தலை அவள் தோளில் வந்து விழுந்தது. டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி அவளைப் பார்த்தான். அவள் தோளை அசைக்காமல், நீங்கள் போங்கள் என்று கண்ணால் சொன்னாள். பஸ் நகர்ந்ததும் மணலிலிருந்த புடவை மீண்டும் ஒருமுறை எழுந்தது.