குழாய்க்குள் வைத்த பொட்டு

எங்கள் குன்றின் மேலிருந்த மழை ரேடாரைப் பற்றி நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதியே உங்களுக்குத் தலை சுற்றப் போதும். கொசு முனகல் போன்ற நுண்ணலையை வாங்கி, இடிமுழக்கமாக்கி அனுப்பும் அதன் பெருக்கி. குறுக்கே ஒரு யானை நின்றால் அப்படியே வெந்துவிடும், ரிங்லெட் ஊர் முழுக்க விருந்து வைக்கலாம். அந்த அலையை ஆண்டெனாவுக்குக் கொண்டுபோவது ஒரு செப்புக் குழாய். அதன் உள்பக்கம் திருகாணி மரை மாதிரி பள்ளம் பள்ளமாக வெட்டியிருக்கும். பள்ளத்தில் அழுக்கு ஒட்டினால் பொறி பறக்கும். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும், ஓசிச் சுண்டலுக்காக ஆயுத பூசைக்குத் தவறாமல் ஏறிவிடுவேன்.

மேகம் கனத்தால் ரேடார் கண்டுகொள்ளும்; கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் சங்கு தானாக ஊதும்; சரிவை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கோவில் மண்டபத்துக்கு ஏறிவிடுவார்கள். ரேடார் காவலாளி செல்லையாவும் மனைவி திலகமும் அந்த லயத்தில்தான் இருந்தார்கள்.

இந்த வருஷப் பூசையன்று எஞ்சினியர் குகனேஸ்வரன் குழாயைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். செல்லையா அதைப் புளி போட்டுத் தேய்த்தார். குத்துவிளக்கு தேய்த்துப் பழகிய கை. அது மின்னிய மின்னலில் அடுத்த ஊரான தானா ராத்தாவில் கோழிகள் கூவியிருக்கும். வெளியே ஒரு சந்தனப் பொட்டு, குழாயின் திறந்த வாய்க்குள் விரலை விட்டு இன்னொன்று. மழை இருட்டிக்கொண்டு வந்த அவசரத்தில் குகனேஸ்வரன் பளபளப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே பாராமல் மாட்டினார்.

சாயங்காலம் கொட்டிய மழையில் தேயிலைச் செடிகள் நீந்தக் கற்றுக்கொண்டன. முழுச் சக்திக்கு ஏற்றியதும் குழாய்க்குள் ஒரு வெடிப்பு. அலை வந்த வழியே திரும்பிப் பாய்ந்து பெருக்கியைச் சுட்டுவிட்டது. திறந்து பார்த்தோம். உள்ளே கரி, வாசம் மட்டும் சாமி அறை வாசம்.

“உள்ளுக்கும் ஒரு பொட்டு வச்சேன் சார்,” என்றார் செல்லையா. “நம்ம லயத்தக் காக்குற சாமில்ல அது.”

ரேடார் சொல்லாமல் சங்கு ஊதாது. போனும் மழையில் செத்திருந்தது. செல்லையா சரிவில் இறங்கி ஓடினார். பின்னாலேயே நான், என் முழங்கால் போட்ட சத்தத்தில் இடி வெட்கப்பட்டது.

லயத்தில் ஒருவரும் அசையவில்லை. சங்கு ஊதவில்லையே என்றார்கள். பூசைத் தட்டு கழுவிக்கொண்டிருந்த திலகமும் அதையே சொன்னார்.

“மிஷின் ஊதட்டும்ங்க, வர்றேன்.”

“அது ஊதாது திலகம். நான்தான் அதக் கொன்னுட்டேன்.”

அவர் முகத்தைப் பார்த்ததும் திலகம் தட்டைப் போட்டுவிட்டு எழுந்தார். வீடு வீடாகத் திலகமே கதவைத் தட்டினார். எல்லாரும் ஏறினார்கள், பழைய கங்காணி முருகையாவைத் தவிர.

“பூசையன்னிக்கும் ஊத்திக்கிட்டு வந்து ஒளறாதடா செல்லையா. சங்கு ஊதுனா எனக்குக் காது கேக்கும் லா,” என்று அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

செல்லையா கதவுக்குத் தோள் கொடுத்தபோதே மேலே மண் முனகியது. சட்டையைப் பிடித்துச் செல்லையாவை நான்தான் இழுத்து வந்தேன். மண்டபப் படியில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. முருகையா வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று தள்ளிக் கிடந்தது.

மண்டபத்தில் செல்லையாவை யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். திலகம் கொடுத்த பால் விடாத தே ஓ ஆறிப்போனது. செல்லையா தாழ்வாரத்தில் நின்று மழையில் கையை நீட்டித் தேய்த்தார், பொட்டு வைத்த விரலை முகர்ந்தார், மறுபடியும் நீட்டினார்.