கடைசித் துண்டு

ஃபோல்கேயின் இறுதிச் சடங்கில் அழுதவர்களைவிட, அதற்குப் பிறகு வாந்தி எடுத்தவர்கள்தான் அதிகம். வெள்ளிக்கிழமை அவரை அடக்கம் செய்தார்கள். ஞாயிறு விடிவதற்குள், வந்தவர்களில் பாதிப் பேர் கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். குளிர்காலத்தில் சுற்றும் வயிற்றுக் கிருமிதான், இது வருஷா வருஷம் வருவதுதானே என்று ஊர் சாதாரணமாக இருந்தது.

நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் இங்கேலாவால் அப்படி இருக்க முடியவில்லை. அவள் கணவன் தோர்கெலுக்குப் போன இலையுதிர்காலத்தில்தான் மாற்றுச் சிறுநீரகம் வைத்திருந்தார்கள். உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க அவன் விழுங்கும் மாத்திரைகள், நோயை எதிர்க்கும் சக்தியையும் சேர்த்துத்தான் முடக்கி வைத்திருந்தன. அடுத்தவருக்கு இரண்டு நாள் அவஸ்தை; அவனுக்கு அது மாதக்கணக்கில் நீளலாம், அந்தச் சிறுநீரகத்தையே கொண்டுபோகலாம். அதனால் ஃபோல்கேயோடு முப்பது வருஷம் மீன்பிடித்தவனைச் சடங்குக்கே விடாமல் வீட்டில் வைத்துப் பூட்டாத குறையாகக் காத்தாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

ஞாயிறு முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்து, சடங்குக்கு வந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து என்ன சாப்பிட்டீர்கள் என்று குடைந்தாள். காபியும் பன்னும் மட்டும் தொட்டவர்கள் கல்லுக்குண்டாக இருந்தார்கள். இறால் பிடிக்காத பாதிரியாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே இறால் வைத்த சாண்ட்விச் கேக்கைத் தின்ற ஒருவர்கூடத் தப்பவில்லை.

திங்கள் காலை தேவாலயக் கூடத்துச் சமையலறையில் குன்வோர் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"கேக்கை யாருடி செஞ்சது?" என்று கேட்டாள் இங்கேலா.

"வேற யாரு? நான்தான். ரொட்டிய அடுக்கி, மயோனைஸ் தடவி, மேல இறால் ஒவ்வொண்ணா என் கையாலயே வச்சேன். ஏன், நல்லா இல்லன்னு யாராவது சொன்னாங்களா?"

"அதுக்கு முன்னாடி உனக்கு உடம்புக்கு ஏதாவது முடியாம இருந்துச்சா?"

குன்வோரின் துணி நின்றது. "புதன்கிழமை கொஞ்சம் வயித்தால போச்சு. வியாழக்கிழமை காலையில சுத்தமா நின்னுடுச்சு. சாயங்காலம் வந்து செஞ்சேன்."

"நின்னதுக்கப்புறமும் ரெண்டு நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"ஃபோல்கே பொண்டாட்டி என் கேக்குதான் வேணும்னு கேட்டா. சாவு வீட்டுல முடியாதுன்னு எப்படிச் சொல்றது? அதுவும் சும்மா தொடல, இந்தக் கிருமிநாசினி ஜெல்ல பாதி பாட்டில் கையில ஊத்தித் தேச்சுட்டுத்தான் தொட்டேன்."

"இந்தக் கிருமிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லடி. சோப்பும் தண்ணியும் போட்டுத் தேய்க்கணும்."

குன்வோர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இங்கேலாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேலை வேலைதான். பரிசோதனைக்குக் கேக் வேண்டும். அது கிடைக்கும் என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இந்த ஊரில் கடைசித் துண்டை எடுக்க எவருக்கும் துணிச்சல் கிடையாது. பாதி வெட்டுவார்கள், அந்தப் பாதியில் பாதி வெட்டுவார்கள், பசியில் குடல் கத்தினாலும் தட்டில் ஒன்றை விட்டுவிட்டு ஏப்பம் விடுவதுபோல் நடிப்பார்கள். இப்படியும் ஒரு வெட்கம் உண்டா உலகத்தில்!

"கடைசித் துண்டு எங்க வச்சிருக்க? அந்த ஃபிரிட்ஜ்லயா?"

"அது இல்லையே."

"எவன் எடுத்தான்?"

"எவனும் எடுக்கல. அதான் பாவமா இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல." குன்வோர் தயங்கினாள். "நீ அந்த மனுஷனைச் சடங்குக்குக்கூட விடலையாமே. நேத்து பூசை முடிஞ்சு போற வழியில தோர்கெல்கிட்ட குடுத்துட்டுப் போனேன். நீ ஆபீஸ்ல இருந்த."

இங்கேலா கார் சாவியை எடுத்தாள். நேற்று இரவு அவள் களைத்து வந்து, தன்னிடமிருந்து அவனுக்கு எதுவும் ஒட்டிவிடக் கூடாதென்று, வழக்கம்போல் தனி அறையில் படுத்துக்கொண்டாள். காலையில் அவன் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

காரில் ஏறிப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பனி மூடிய சாலையில் வண்டி இரண்டு முறை வழுக்கியது. தின்றிருக்க மாட்டான், அவனுக்குக் குன்வோரின் மயோனைஸ் பிடிக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடிக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தோர்கெல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஆறிப்போன காபி. அவள் காலணியைக்கூடக் கழற்றாமல் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டில் வெள்ளித்தாள் பொட்டலம். பிரித்தாள். உள்ளே கேக் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போனவள், அதன் ஒரு பக்கம் கத்தியால் நேராக வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தாள்.

"பாதி உனக்கு," என்றான் தோர்கெல். "கடைசித் துண்டை முழுசா முழுங்கறவனா நான்? நேத்தே சொல்லலாம்னு பார்த்தேன், நீ கதவைச் சாத்திக்கிட்ட."

அவள் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டினாள். பரிசோதனைக்கான டப்பாவை எடுத்தாள். மூடி நழுவித் தரையில் உருண்டது. அவன் அந்தக் கையுறையைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"ஃபோல்கே சடங்குல இதுதானா?"

"ஆமா."

"ஊர் பூரா..."

"ஆமா, தோர்கெல்."

"எவ்வளவு நேரத்துல தெரியும்?"

ஞாயிறு முழுக்க எத்தனையோ பேருக்கு அலுக்காமல் பதில் சொன்ன கேள்வி. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையைப் போட்டார்கள்.

அவன் வயிறு கடமுடவென்று உருண்டது.

"பசி," என்றான் தோர்கெல். "காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலல்ல, அதான்."

"ஏன் சாப்பிடல?" என்று கேட்டாள் இங்கேலா.

அவன் ஒரு கையால் அடிவயிற்றில் சிறுநீரகம் வைத்துத் தையல் போட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு மெதுவாக எழுந்து, மறு கையால் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தான்.