ஓடாத ரயிலுக்குப் பயணிகள்

மகேசன் தன்னை ‘ரோலிங் ஸ்டாக் ஆபீசர்’ என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கியது, தம்மாம் துறைமுகத்தில் ரயில் பெட்டி வந்திறங்கிய அன்றைக்கு. அதுவரை அவர் அல் கோபாரில் ஒரு கொரியாக்காரக் கம்பெனியின் கேம்ப் கிளார்க். சம்பளம் கூடவில்லை, மேசை மாறவில்லை, மேசையின் ஆடுகிற கால்கூட மாறவில்லை. ஆனாலும் பெயின்டரைப் பிடித்து ஒரு தகரப் பலகை எழுதி வாங்கிக் கதவில் அடித்துவிட்டார். அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்டவர்களிடம், “உருளுற சாமானுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு” என்றார். கேம்பில் அப்போது உருண்டுகொண்டிருந்தவை இரண்டு தள்ளுவண்டிகள்.

பெட்டி உருளவே போவதில்லை. அது சியோல் நகரத்தில் நிலத்துக்கு அடியால் ஓடி, பிறகு மேலே ஏறிப் புறநகர் வரைக்கும் போகிற மின்சார ரயிலின் பெட்டி. இதைப் போல நூறு வாங்கிவிட்டால் கோபாரும் சியோல் ஆகிவிடும் என்று நகரசபையின் பெரிய முதீருக்கு, அதாவது தலைமை அதிகாரிக்கு, காட்டுவதற்காகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கேம்ப் ஓரத்தில் மணலைக் கெட்டிப்படுத்தி, பெட்டியின் நீளத்துக்கு மட்டும் தண்டவாளம் போட்டு, கிரேனால் தூக்கி வைத்தார்கள். முன்னால் போகவும் வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை. மின்கம்பியைத் தொடவேண்டிய கூரைக் கை வெறும் வானத்தைத் துழாவிக்கொண்டு நின்றது. பின்புறம் ஒரு ஜெனரேட்டரை ஒளித்துவைத்து, விளக்கையும் ஏசியையும் மட்டும் ஓடவிட்டார்கள்.

மேனேஜர் மிஸ்டர் பாக்குக்கு அதிலும் ஒரு குறை.

“ஆள் இல்லாத ரயில், செத்த ரயில். சியோலில் காலையில் இப்படி நிற்பார்கள்” என்று சொல்லி, மகேசனைச் சுவரோடு சேர்த்து நெருக்கியே காட்டினார்.

அப்படித்தான் கான்கிரீட் கேங்கில் இருந்த தமிழ்நாட்டு ஆட்கள் சியோல் நகரத்து ஆபீசர்கள் ஆனார்கள். சூக்கில், அதாவது சந்தையில், மொத்தமாக வாங்கிய கால்சட்டை, கோட்டு, டை, கறுப்புச் சப்பாத்து. டை கட்டும் பொறுப்பு மகேசனுடையது. ஒத்திகை தினமும் நடந்தது. தரை அழுக்காகக் கூடாது என்பதால், திறப்பு விழா வரைக்கும் எல்லாரும் வெறுங்காலோடுதான் ஏறவேண்டும் என்பது பாக்கின் கட்டளை. கைப்பிடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடாத ரயிலின் ஆட்டத்துக்கு ஏற்ப ஆடிப் பழகினார்கள்.

அதில் கெட்டிக்காரன் பொன்னுச்சாமி. அறந்தாங்கிப் பக்கத்து ஆள். பேப்பரை நாலாக மடித்து ஒரு கையில் பிடித்து, மறு கையால் வளையத்தில் தொங்கி, கண் அரைவாசி மூடிய நிலையில் அவன் நின்ற நிற்பைப் பார்த்து பாக்கே கண் கலங்கிவிட்டார். “என் தம்பி இப்படித்தான் வேலைக்குப் போவான்” என்றார். வாசலுக்கு நேரே, முதீரின் கண்ணில் முதலில் படுகிற இடம் அவனுக்கே என்று ஆயிற்று.

மெஸ்ஸில் சமைக்கிற கீழக்கரை கௌஸ் முகைதீன் ஒத்திகை பார்க்க வந்து சிரித்தார். “என்ன பொன்னு, டிக்கெட் எடுத்தியா? செக்கிங் வர்றாக பாரு.”

“எடுத்துட்டேன் பாய். வண்டிதான் எடுக்கமாட்டேங்குது.”

ஒத்திகை முடிகிற ஒவ்வொரு சாயந்தரமும் அவன் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பான். “சார், ஊர்லேர்ந்து சேதி ஏதும் வந்துச்சா? பொஞ்சாதி மீனாம்பாளுக்கு வயித்துவலின்னு எழுதியிருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் காணோம்.”

“வந்தால் சொல்லமாட்டனோ? போய்ச் சாப்பிடும்.”

மகேசனுக்கு இந்த விழாவில் இருந்த அக்கறை, தகரப் பலகையோடு முடிகிற அக்கறை இல்லை. பாக்கின் மேசை லாச்சிக்குள் ஒரு ஃபேமிலி விசா பேப்பர் கிடந்தது. “ஓப்பனிங் முடியட்டும், கையெழுத்துப் போடுகிறேன்” என்று பாக் சொல்லியிருந்தார். அது எண்பத்தைந்தாம் ஆண்டு. சாவகச்சேரியில் மனைவி ஷியாமளாவும் மகளும் தனியே இருந்தார்கள். மகள் கட்டிலின்மேல் படுப்பதை விட்டு மாதக்கணக்காகிவிட்டது, ஷெல் சத்தத்துக்குக் கட்டிலின் கீழேதான் பாய். போன கடிதத்தில் அவள், அங்கே நல்ல உயரமான கட்டில் இருக்கிறதா அப்பா என்று கேட்டிருந்தாள்.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது.

“ஹலோ, கொரியா கம்பெனிங்களா? பொன்னுச்சாமி மச்சினன் பேசுறேங்க. அக்காவுக்கு ரொம்ப முடியல. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கோம். மச்சானை உடனே அனுப்பி வைங்க சார். அவுக பேரையே சொல்லிக்கிட்டுக் கெடக்கு.”

“கட்டாயம் சொல்லுறன். நீங்கள் யோசிக்காதேங்கோ.”

ரிசீவரை வைத்துவிட்டு மகேசன் ஜன்னலால் பார்த்தார். பெட்டிக்குள் பொன்னுச்சாமி வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். இப்போது சொன்னால் இவன் அழுதுகொண்டு பாக்கிடம் ஓடுவான். பாஸ்போர்ட், எக்ஸிட் விசா, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் பாக்கின் மேசைக்குத்தான் போகவேண்டும். விழா நெருங்குகிற நேரத்தில் லீவு என்று வாய் திறந்தவனுக்கு அவர் லாச்சியையே பூட்டிவிடுவார், அதற்குள் கிடக்கிற விசா பேப்பரோடு சேர்த்து. விழா நாளைக்குத்தானே? ஒரு நாள். ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது?

மறுநாள் முதீர் வரவில்லை. ராஜாளியோடு வேட்டைக்குப் போய்விட்டாராம். புக்ரா, நாளைக்கு, என்று ஆள் வந்து சொன்னான். நாளைக்கும் வந்தது. அன்றைக்கு முதீருக்குத் தலைவலி. மறுபடியும் புக்ரா. பயணிகள் தினமும் டை கட்டி ஏறினார்கள், டை அவிழ்த்து இறங்கினார்கள். மகேசனின் ஒரு நாள் ரப்பர்போல இழுபட்டுக்கொண்டே போயிற்று. இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்பது இப்போது புதுப் பிரச்சினை.

“சார், சேதி ஏதும்…”

“இல்லை.”

கடைசியில் ஒரு காலை, கார்கள் வரிசையாக வந்து நின்றன. சிவப்புக் கம்பளம், கொடிகள், பாக்கின் கையில் வெள்ளிக் கத்தரிக்கோல். மகேசன் மொழிபெயர்ப்பாளராக முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்தார். பெட்டியின் வாசலில் கறுப்புச் சப்பாத்துகள் சோடி சோடியாக வரிசையில் கிடந்தன. ஒத்திகைப் பழக்கத்தில் பொன்னுச்சாமி முதல் ஆளாகக் கழற்றி வைக்க, பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே கழற்றி வைத்துவிட்டார்கள். சியோல் நகரத்து ஆபீசர்கள் கோட்டும் டையுமாக வெறுங்காலோடு தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கின் முகம் வெளிறியது. மகேசன் மனதுக்குள் விசா பேப்பரை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டார்.

முதீர் சப்பாத்து வரிசையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இது கொரியாக்காரரின் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, தன் செருப்பைக் கழற்றினார். அதைக் கண்ட உதவி முதீர் கழற்றினார். அவரைக் கண்ட அதிகாரிகள் கழற்றினார்கள். பாக் அவசரமாகக் குனிந்து தன் சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள்.

ஏசியில் குளிர்ந்த தரையில் கால்விரல்களை நீட்டி மடக்கி, முதீர் நீண்ட இருக்கையில் சாய்ந்துகொண்டார். “ஸைன், ஸைன்” என்றார், நல்லது என்று. பிறகு எதிரே தொங்கிக்கொண்டிருந்த பொன்னுச்சாமியைக் காட்டி, இந்த ஆள் இந்த ரயிலில் எங்கே போகிறார் என்று கேட்டார்.

மகேசன் தமிழில் கேட்டார். “முதீர் கேக்கிறார், நீர் எங்கை போறீர் எண்டு.”

பொன்னுச்சாமி பேப்பரை இறக்கினான். “வீட்டுக்குன்னு சொல்லுங்க சார்.”

மகேசன் முதீரின் பக்கம் திரும்பினார். பிறகு அரபியில், “ஆபீசுக்குப் போகிறாராம்” என்றார்.

அன்றைக்கே மாலையில் பாக் வாயெல்லாம் பல்லாக லாச்சியைத் திறந்தார். முதலில் மகேசனின் பேப்பரில் கையெழுத்து. அதன் மை காய்வதற்குள் மகேசன் அடுத்ததையும் நீட்டினார், பொன்னுச்சாமியின் லீவு. அதிலும் கையெழுத்து விழுந்தது. பிறகுதான் மகேசன் கேம்பில் ஆட்கள் தங்கும் பக்கம் போய், ஊரிலிருந்து போன் வந்தது, நாளைக்கே கிளம்பு என்று சொன்னார். எப்போது வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது வீணாயிற்று.

அவன் மகேசனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “ஒரே நாள்ல பாஸ்போர்ட்டு வாங்கிக் குடுத்துட்டீங்க சார். உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்.”

அடுத்த கிழமை கௌஸ் முகைதீன் டீயோடு ஆபீசுக்குள் வந்தார். மெஸ்ஸுக்கு வந்த புது ஆள் அறந்தாங்கிக்காரனாம்.

“பொன்னு ஊர் போய்ச் சேர்றதுக்கு முந்தின நாளே பொண்டாட்டிய எடுத்துட்டாகளாம் சார். வாசல்ல பந்தக்கால்தான் நின்னுச்சாம்.” டம்ளரை மேசையில் வைத்தார். “மச்சினன் அதுக்கு எவ்வளவோ முந்தியே போன் பண்ணினானாம். யாரோ சிலோன் சார் எடுத்தாருன்னு சொன்னானாம்.”

மகேசன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  கௌஸ் போகாமல் அங்கேயே நின்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. காலையிலிருந்து பதிந்துவைத்திருந்த யாழ்ப்பாண டிரங்க் கால். ஷியாமளா இருந்த பகுதியில் போன் இருந்தது கூட்டுறவுச் சங்கக்கடையில் மட்டும்தான். எடுத்தவர் அதன் மனேஜர் பத்மநாதன்.

“ஆர், மகேசனோ? அங்கை பெரிய ஆபீசராம் எண்டு கேள்வி. நானும் இப்ப வெறும் மனேஜர் இல்லைக் காணும், பிரதேச இணைப்பாளர்.”

“சந்தோசம் அண்ணை. விசா கிடைச்சிட்டுது. ஷியாமளாவுக்குச் சொல்லுங்கோ, நாளைக்குக் கொழும்பு றெயில் ஓடுதாம், அதுக்குப் பிறகு ஓடாது எண்டு கதைக்கினம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதிலை ஏறச் சொல்லுங்கோ. இப்பவே ஆளனுப்பிச் சொல்லுங்கோ அண்ணை.”

“இப்பவோ? இண்டைக்குச் சங்கத் தலைவர் வாறார். வாழை கட்டி, மாலை வாங்கி, தலைக்கு மேலை வேலை. கூட்டம் முடியட்டும். கட்டாயம் சொல்லுறன். நீர் யோசிக்காதையும்.”

“அண்ணை, ஒரு நிமிசம்…”

லைன் அறுந்தது. மகேசன் மறுபடி மறுபடி நம்பரைச் சுழற்றினார். எக்ஸ்சேஞ்சுக்காரன் மாஃபி, மாஃபி, லைன் இல்லை என்றான்.

வெளியே ஜெனரேட்டரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் வாசலில் ஒரு சோடி சப்பாத்து மட்டும் இன்னும் கிடந்தது. சப்பாத்துக்குள் பாதிக்கு மணல் ஏறியிருந்தது.

“வீட்டுக்குச் சேதி சொல்லிட்டாகளா சார்?” என்றார் கௌஸ்.

“சொல்லுவார்” என்றார் மகேசன், ரிசீவரைக் கீழே வைக்காமல்.