பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நடந்த அன்று யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. வெடிச்சத்தம் வருகிற கதை என்றால் உங்களில் சிலருக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே ஆறுதலாக இருந்து கேளுங்கள். கௌசலா என்ற அந்தப் பிள்ளை அன்று பின்னேரம் சுகமாக வீட்டுக்கு வந்து, வந்ததும் வராததுமாகச் சோறு கேட்டாள். ஆனால் காலையில், அந்தச் சூட்டுத் திடலில், மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்த தாய் விமலேஸ்வரிக்கு அது எப்படித் தெரியும்?

விமலேஸ்வரி மாங்குளத்துப் பக்கம் வயல் செய்கிறவள். மூத்தவன் சுஜிதனுக்குக் கொழும்பில் வேலை. இளையவள்தான் கௌசலா, உயர்தரம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்து மாணவர் படையான கடேற் அணியில் சேர்ந்து, வெயிலில் அணிநடை பழகிக் கறுத்துப்போய்த் திரிந்தவள், ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, துவக்குச் சுடும் போட்டிக்குத் தன்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்றாள்.

"துவக்கோ?" விமலேஸ்வரியின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

"குறி பாத்துச் சுடுறது அம்மா. விளையாட்டு. வலைப்பந்து மாதிரி."

"வலைப்பந்தில ஆரடி செத்தது?"

"இதிலயும் ஒருத்தரும் சாகேல்ல."

மூன்று நாள் தாய் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள், "நானும் வருவன். நான் பாக்காமல் நீ ஒரு வெடியும் வைக்கக்கூடாது" என்றாள்.

"வாங்கோ. ஆனா அங்க நிண்டு என்னைக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் என்னை வெளியில விட்டிடுவினம்."

அந்தக் கூப்பிடுதலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கடைசிச் சண்டை நேரம், பங்கருக்குள், ஒவ்வொரு செல் குண்டு விழுந்ததும் புகை அடங்குவதற்கு முன்னமே விமலேஸ்வரி பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த இருட்டுக்குள் இருந்து ஒவ்வொருவராக "ஓம்", இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். கௌசலாவுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. அம்மா என்ற சொல்லுக்கு அடுத்ததாக அவள் வாயில் வந்த சொல் அந்த ஓம்தான். ஒருநாள் மூன்று பேரைக் கூப்பிட இரண்டு ஓம்தான் வந்தது. அன்றோடு பிள்ளைகளின் தகப்பன் பேரைக் கூப்பிடுவது நின்றது.

மற்ற இரண்டு பேரையும் கூப்பிடுவது இன்றுவரை நிற்கவில்லை. கோயிலில் வாணம் வெடித்தாலும், மழைக்கு இடி இடித்தாலும், பக்கத்து வயலில் யானைக்கு வெடி கொளுத்திப் போட்டாலும், "கௌசி" என்பாள். பிள்ளை கிணற்றடியில் தலையில் சவர்க்காரத்தோடு நின்றாலும் "ஓம்" வர வேண்டும். வந்தால்தான் தாயின் கைவேலை நகரும். இங்கே இடி இடித்தால் கொழும்பில் இருக்கிற சுஜிதனுக்கும் போனில் கோல் போகும். "அம்மா, இங்க வெயில் எறிக்குது" என்பான் அவன். "எறிக்கட்டும். நீ ஓம் எண்டு சொல்லு" என்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு முழுக் காலைப்பொழுது வெடிச்சத்தத்துக்குள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நினைத்துப் பாருங்கள்.

வவுனியாவுக்குப் போகிற பஸ்ஸில் கௌசலாதான் ஒரு வழி சொன்னாள். "நான் குப்புறக் கிடந்துதான் சுடுவன். என்ர கால் ரெண்டும் உங்களுக்கு நேர தெரியும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு இடக்கால் சப்பாத்து நுனியால கீழ விரிச்சிருக்கிற படங்கில ஒரு தட்டுத் தட்டுவன். அதுதான் ஓம். நீங்கள் கூப்பிட்டதாகவும் நான் சொன்னதாகவும் வைச்சுக்கொள்ளுங்கோ."

"மறந்துபோனியோ?"

"மறக்கமாட்டன்."

திடல் ஊரை விட்டுத் தள்ளி, காட்டை வெட்டின இடத்தில் இருந்தது. தூரத்தில் மண்ணைக் குவித்துப் பெரிய மேடு. அதற்கு முன்னால் கடதாசிக் குறிகள். இந்தப் பக்கம் தரையில் படங்குகள் விரித்துக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்குப் பின்னால் தகரப் பந்தலும், பெற்றாருக்கு இரண்டு வாங்குகளும். கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற ஆயத்தமாகத் தொங்கியது.

பொறுப்பாக நின்றவர் செல்வராசா மாஸ்டர். கழுத்தில் விசில் தொங்கியது. பெற்றாருக்கு முன்னால் வந்து நின்று, மெல்லிய குரலில்தான் சொன்னார்.

"கொடி ஏறினால் இறங்கிற வரைக்கும் ஒருத்தரும் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தண்ணி குடுக்க, வேர்வை துடைக்க, ஒண்டுக்கும் வராதேங்கோ. முக்கியமான விஷயம், பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. பேரைக் கேட்டால் பிள்ளை திரும்பும். பிள்ளை திரும்பினால் கையில இருக்கிறதும் திரும்பும். திரும்பினால் அது உங்களைத்தான் பாக்கும். ஆரும் கூப்பிட்டால் அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குச் சூடு இல்லை. அங்காலை கதை இல்லை."

வாங்கில் விமலேஸ்வரிக்குப் பக்கத்தில் இருந்தவர் சுடலைமுத்து. மலையகத்திலிருந்து வந்து புளியங்குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். மகன் பிரதீபனும் அன்று சுட வந்திருந்தான். அவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"பேரச் சொன்னா திரும்புவானாம்ல தங்கச்சி. நம்ம பய வீட்டுல பத்துத் தடவ கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது. அப்போதுதான் பார்த்தாள், அவருடைய இரண்டு கைகளும் வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றார்.

கொடி ஏறியது. ஐந்து பிள்ளைகள் படங்குகளில் குப்புறக் கிடந்தார்கள். நடுவில் கௌசலா. காதுக்குள் பஞ்சு அடைத்து, பின்னலை முதுகின் நடுவே விட்டிருந்தாள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒவ்வொரு குண்டு போட்டுச் சுட வேண்டும்.

விசில் ஊதியது.

முதல் வெடிக்கு விமலேஸ்வரியின் உடம்பு அவளைக் கேட்காமலே குனிந்தது. கைகள் பக்கத்தில் ஒரு சின்னத் தலையைத் தேடின, பிடித்துத் தனக்குக் கீழே அமுக்க. கையில் வாங்குச் சட்டம்தான் அகப்பட்டது. பேர் தொண்டைக்கு வந்துவிட்டது. சீலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்தாள். கண் மட்டும் சப்பாத்தில் நின்றது.

தட்டு. இடக்கால் நுனி ஒருமுறை எழும்பிப் படங்கில் விழுந்தது.

மூச்சு வந்தது.

இரண்டாம் விசில். வெடி. தட்டு. மூன்றாவதும் அப்படியே. வெடிக்கும் தட்டுக்கும் இடையில் இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் அவள் ஒவ்வொரு தடவையும் பங்கருக்குள் போய் வந்தாள். தலைப்பு எச்சிலில் நனைந்துவிட்டது. சுடலைமுத்து தன் சின்ன விரலால் அவள் முழங்கையைத் தொட்டு, "முடியப் போகுது தங்கச்சி" என்றார். வியர்வை அவருடைய நாடியிலிருந்து சொட்டியது.

நாலாம் விசில். வெடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

சப்பாத்து அசையவில்லை.

கேளுங்கள், துவக்கின் விசையை இழுத்தும் வெடிக்காமல் விட்டால் அதுதான் பொல்லாத நேரம். உள்ளே இருக்கிற குண்டு செத்துப்போனதா, இன்னும் வெடிக்கப் போகிறதா என்று எவருக்கும் தெரியாது. துவக்கை அசைக்காமல், மண்மேட்டையே பார்க்க வைத்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்திக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். பெற்றாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று மாஸ்டர் நினைத்தாராம்.

கௌசலாவின் இடக்கை மெல்ல மேலே எழும்பியது.

சண்டையின் முடிவில் சரணடையக் கை உயர்த்திக்கொண்டு நடந்த சனத்தோடு நடந்து வந்தவள் விமலேஸ்வரி. உயர்ந்த கை அவளுக்கு வேறு எதைச் சொல்லும்? வாங்கை விட்டு எழும்பிவிட்டாள். சுடலைமுத்து சீலையைப் பிடித்தார்.

"என்னமோ கேக்குது பிள்ள. வாத்தியார்கிட்ட கேக்குற மாதிரிதான் கைய தூக்குது. உக்காருங்க."

மாஸ்டர் நீளமாக விசில் ஊதினார். மற்ற நாலு துவக்குகளும் ஓய்ந்தன. அவர் நடந்து போய் கௌசலாவுக்குப் பின்னால் நின்றார். குனியவில்லை. தொடவில்லை. சும்மா நின்றார்.

ஏன் தொடாமல் நிற்கிறார்? காயப்பட்ட பிள்ளையைத் தொடாமல் நிற்கிற மனிசரை அவள் பார்த்திருக்கிறாள். இனித் தொட்டுப் பயனில்லை என்று தெரிந்தவர்கள்தான் அப்படி நிற்பார்கள்.

திடல் முழுவதும் சத்தமில்லை. காட்டுக்குள் ஒரு செம்பகப் பறவை மட்டும் கத்தியது. பேர் அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. கூப்பிட்டால் பிள்ளை திரும்புவாள், துவக்கும் திரும்பும். கூப்பிடாவிட்டால் பிள்ளை இருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? பதினைந்து வருடத்துக்கு மேலாக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மஞ்சள் கோடு அவள் செருப்புக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. எப்போது அவ்வளவு தூரம் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சீலையைப் பிடித்தபடி சுடலைமுத்துவும் கூட வந்து நின்றார்.

அப்போது சப்பாத்து தட்டியது.

இருக்கிறாள். அவள் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

மறுபடியும் தட்டியது. பிறகு மறுபடியும். இப்போது விரைவாக. ஒரு வெடிக்கு ஒரு தட்டு என்றுதானே பேச்சு? வெடியே இல்லாமல் எதற்கு இத்தனை தட்டு? பின்னல் முதுகில் ஒரு விரலளவு இடப்பக்கம் சரிந்தது. கழுத்து அசையத் தொடங்கியிருந்தது.

விமலேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. இது பதில் இல்லை. பிள்ளை தன்னைக் கூப்பிடுகிறாள். பதில் வராவிட்டால் திரும்பிப் பார்க்கப் போகிறாள்.

வாயிலிருந்த சீலையை எடுத்தாள்.

"ஓம்," என்றாள்.

உரத்துச் சொல்லவில்லை. அடுத்த அறையில் இருக்கிற ஆளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அந்த அமைதிக்குள், காதுப் பஞ்சையும் தாண்டி, அது போய்ச் சேர்ந்தது. பின்னல் நின்றது. சப்பாத்து நின்றது. கை மட்டும் முன்போலவே உயர்ந்து நின்றது.

மாஸ்டர் தலையைத் திருப்பாமல் பின்பக்கமாகக் கையைக் காட்டினார், பேசாமல் இருங்கள் என்பதுபோல. இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு குனிந்தார். துவக்கின் பூட்டைத் திறந்து குண்டை எடுத்து, மண் நிரப்பிய ஒரு தகரப் பேணிக்குள் போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வந்தார்.

"ஆர் சத்தம் போட்டது?"

"நான்தான் மாஸ்டர்." மண்ணில் இருந்தபடியே சொன்னாள். "நான் கூப்பிடேல்ல. பதில்தான் சொன்னனான்."

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லயே அம்மா."

"பிள்ளை கேட்டவள்."

மாஸ்டர் அவளைப் பார்த்தார். கௌசலா அன்று தொடர்ந்து சுடுவதா இல்லையா என்பது அந்தப் பார்வையில் நின்றது. சுடலைமுத்து தொண்டையைச் செருமினார். கையில் இன்னமும் அவளுடைய சீலை நுனி இருந்தது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் குத்தம்னீங்க ஐயா. பதில் சொன்னா குத்தம்னு சொல்லலியே."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, தெரியாது. வாய் ஒருபக்கம் கோணியது.

"இனி அதுவும் வேண்டாம்," என்றார். திரும்பிப் போய்க் கௌசலாவுக்கு வேறொரு குண்டு கொடுத்தார்.

மிச்ச வெடிகளுக்கு விமலேஸ்வரி மண்ணிலேயே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் சப்பாத்து தட்டியது. அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

கொடி இறங்கிய பிறகு தண்ணீர்க் குழாயடியில் கௌசலா முகம் கழுவினாள். தண்ணீர் விரல்களுக்குள்ளால் ஓடியது.

"ஏன் அம்மா கூப்பிடேல்ல?"

"கூப்பிடக்கூடாது எண்டு நீதானேடி சொன்னனீ."

"சொன்னனான்தான். ஆனா எப்பிடியும் கூப்பிடுவியள் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தனான். சத்தமே இல்லை. எனக்குத் துவக்குப் பயமில்லை அம்மா. நீங்கள் கூப்பிடாமல் விட்டதுதான் பயமாப் போச்சு. பின்னால உங்களுக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நினைச்சன். தலை தன்பாட்டில திரும்ப வெளிக்கிட்டிட்டுது."

விமலேஸ்வரி பிள்ளையின் ஈரக் கையைத் தன் சீலையால் துடைத்தாள். தலைப்பில் பல் பட்ட இடம் கிழிந்திருந்தது.

கௌசலாவும் பிரதீபனும் அணிக்குத் தெரிவானார்கள். அடுத்த போட்டி தெற்கில், வெகு தூரத்தில். பெற்றாருக்கு அங்கே இடமில்லை, பிள்ளைகள் மட்டும்தான். திரும்பிப் போகிற பஸ்ஸில் நாலு பேரும் ஒன்றாக ஏறினார்கள். புளியங்குளத்தில் சுடலைமுத்துவும் மகனும் இறங்கினார்கள். "வர்றேன் தங்கச்சி," என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கையை உயர்த்தினார். அவள் நெஞ்சு ஒருதரம் துணுக்குற்றது. பிறகுதான் தானும் கை காட்டினாள்.

பஸ் வெளிக்கிட்டதும், "போகட்டோ அம்மா?" என்று கௌசலா கேட்டாள்.

தாய் கிழிந்த தலைப்பை மடித்து இடுப்பில் செருகினாள்.

"எத்தினை மணிக்குச் சுடுவியள் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போ."

"ஏன்?"

"வயலில நிண்டு நான் சொல்லுவன்."

"அங்க எனக்குக் கேக்காதே."

"கேக்காது," என்றாள் விமலேஸ்வரி. "ஆனபடியால் நீ திரும்பிப் பாக்காதை. நான் சொல்லிக்கொண்டுதான் நிற்பன்."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. பின்னால் எதுவோ டமார் என்றது. ஆசனத்துக்குக் கீழே ஒரு சப்பாத்து நுனி அவளுடைய செருப்பை மெல்லத் தட்டியது.