அர்லெட் மட்டை கட்டிய வியாழக்கிழமை

முழங்கால் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் பனிச்சறுக்குப் பலகையைத் தொடக்கூடாது, வேண்டுமானால் பனியில் புதையாமலிருக்கச் செருப்புக்கடியில் கட்டுகிற அகலமான பனிமட்டையைக் கட்டிக்கொண்டு நடங்கள் என்றார். இனிமேல் உயிரோடு இருக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அர்லெட்டுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பனிமட்டைக்காரர்களை அவள் மனுஷ ஜாதியிலேயே சேர்த்ததில்லை. சறுக்குகிறவர்கள் விடியலில் மலையேறி இழைத்து வைத்த தடத்தின்மேல், வாத்துபோல் கால் அகட்டி நடந்து குழி பறித்துவிட்டுப் போகிற கூட்டம் அது. அவர்களைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் மலையே இரண்டு முறை சரிந்ததாக ஊரில் பேச்சு.

அதைவிடப் பெரிய அநியாயத்தைச் செய்தவன் அன்செல்ம். ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து வாரந்தோறும் மலைக்குடிலுக்குச் சறுக்குப் பலகையில் ஏறி, சூப்பும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு இறங்கும் வியாழக்கிழமைக் கோஷ்டிக்கு அவன்தான் தலைவன். மட்டைக்காரர்களுக்குக் கோஷ்டியில் இடமில்லை என்று சொல்லிவிட்டான்.

"நீ கீழ காப்பிக் கடையில உக்காந்திரு அர்லெட். நாங்க எறங்கி வந்து எல்லாக் கதையும் சொல்றோம்."

இவன் கதை சொல்வானாம். ஒரு காலத்தில் அதே மலைச்சரிவில் பலகையைத் திருப்பத் தெரியாமல் ஊசியிலை மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதவனை இறக்கிக் கூட்டிவந்ததே அவள்தான். வியாழக்கிழமை போனால் அவளுக்கு வாரத்தில் மிச்சமென்ன? பூனையும் தொலைக்காட்சியும்.

அடுத்த வியாழன், மட்டைக்காரியான பக்கத்து வீட்டு ஜினெட்டிடம் உபரியாக இருந்த மட்டையை இரவல் வாங்கி, அவளையும் இழுத்துக்கொண்டு மலையடிவாரத்தில் போய் நின்றாள். ஜினெட் பட்டையை இறுக்கிவிட்டு, காலை அகட்டி வை, என்ன ஆனாலும் பின்பக்கம் அடி வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து அன்செல்ம் பலகையோடு கடந்து போனான்.

"தடத்துல மட்டும் கால வச்சிராத தாயி."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்பதற்காக அர்லெட் வெடுக்கென்று ஓரடி பின்னால் வைத்தாள். மட்டையின் வால் பனியில் குத்தியது. மல்லாந்தவள் தொப்பிக் குஞ்சம் மட்டும் தெரிகிற அளவுக்குப் புதைந்து போனாள். கோஷ்டி சிரித்த சிரிப்பு மலைக்கு அந்தப்பக்கம் இத்தாலிக்காரர்களுக்குக் கேட்டிருக்கும்.

"கோவம் வந்தாலும் முன்னாலயே போடி," என்று ஜினெட் அவளைத் தூக்கி நிறுத்தினாள். "பின்னால போற கோவம் இதுக்கு ஒத்து வராது."

அர்லெட் முன்னால் போனாள். தடத்துக்குப் பக்கத்தில், தொடையளவுப் பனியை மிதித்து மிதித்து, ஒவ்வோர் அடிக்கும் அன்செல்மின் வம்சத்தில் ஒருவரைத் திட்டிக்கொண்டே போனாள். அவன் கொள்ளுத்தாத்தாவைத் தாண்டுவதற்குள் செங்குத்துச் சரிவு வந்துவிட்டது. சறுக்குகிறவர்கள் அங்கே பாம்புபோல் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஏற்றத்தில் குதிகாலைத் தாங்குவதற்காக மட்டைகளில் இருந்த கம்பியை ஜினெட் நிமிர்த்திவிட்டாள். மட்டைக்கு அடியிலிருந்த இரும்புப் பற்கள் பனியைக் கடிக்க, இருவரும் நேராக ஏணியில் ஏறுவதுபோல் ஏறினார்கள்.

அதற்குள் வெயில் வந்து பனி பிசுபிசுத்துவிட்டது. ஏறும்போது வழுக்காமலிருக்கப் பலகைக்கடியில் ஒட்டியிருந்த ரோமப்பட்டையில் கன்றுக்குட்டி கனத்துக்குப் பனி அப்பிக்கொள்ள, கோஷ்டி நடுச்சரிவில் நின்று கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தது. அர்லெட் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவள் குடிலில் இரண்டாம் கிண்ணம் சூப்பில் இருந்தபோது கோஷ்டி வந்து சேர்ந்தது. பலகைகள் தோளில். அவள் மிதித்து இறுக்கிய பாதையிலேயே நடந்து வந்திருந்தார்கள். அன்செல்ம் எதிரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"உன் வழி தார் ரோடு மாதிரி இருக்கு. இனி வாராவாரம் நீ முன்னால போயிரு. நாங்க பின்னாலயே வந்துர்றோம்."

அர்லெட்டின் காது மடல் சிவந்தது. முட்டி தேயத் தேய இந்த மலையில் சறுக்கியவளை என்னவென்று நினைத்தான் இவன்?

"நான் என்ன ஒங்க கோஷ்டிக்குப் பனி தள்ற வண்டியா?"

யாரோ அவள் பக்கமாகப் பாலாடைக்கட்டியைத் தள்ளினார்கள். அவள் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டிக்கொண்டாள்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிருவேன். எவனுக்காகவும் காத்திருக்க மாட்டேன்," என்றாள், வாய் நிறைய.