மாஸ்டரின் பின்கால்

எதிர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எங்கள் கதவைத் திறந்தால் நேராகத் தெரிவது அவர்கள் வீட்டுக் கூடம். கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வீட்டில் நடப்பது எனக்குத் தெரிகிற அளவுக்கு மாஸ்டருக்கே தெரியாது.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். கற்றுத் தருவதாக அவர் சொல்கிறார். காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சைக்கிள் வந்தாலும் போதும், மாஸ்டரின் வலது கால் அதை ஓங்கி மிதித்துவிடும். ஓட்டுகிறவர் காலுக்கு வேலையே கிடையாது. அவரிடம் நாற்பது நாள் கற்றுக்கொண்டு நான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மிதிப்பார் என்று நான் இருந்தேன். நான் மிதிப்பேன் என்று அவர் இருந்தார். நடுவில் சுவர் வந்துவிட்டது. இரண்டாவது தடவை இன்ஸ்பெக்டர் காரிலேயே ஏறவில்லை. வெளியே நின்று பார்த்தார். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, அவருக்கு.

மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்பேன். பதினோரு வருடமாக ஸ்கூலின் முன்மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, டெஸ்டில் தோற்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவர்தான். என் பங்குக்கு நானே இரண்டு டம்ளர் குடித்திருக்கிறேன். போன வருடம் அக்கா பயிற்சியாளர் தேர்வு எழுதி, முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டார். மாஸ்டர் அந்தச் சான்றிதழை மிகவும் மரியாதையாக பீரோவில் வைத்துப் பூட்டினார். ஸ்கூலுக்கு இரண்டாவது கார் ஒன்று உண்டு. அது உறை போட்டுக்கொண்டு எங்கள் கட்டடத்துக்குக் கீழே நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு பெண்களாவது வந்து, "லேடி டீச்சர் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். "இல்லையேம்மா" என்பார் மாஸ்டர், மேஜையில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு.

"அந்தக் காரை என்கிட்ட குடுங்களேன்" என்று அக்கா கேட்பதும், "பார்க்கலாம்" என்று மாஸ்டர் சொல்வதும் மாதம் ஒருமுறை என் காதில் விழும். சுவர் மெல்லியது, நான் என்ன செய்ய?

இந்த விடுமுறைக்கு எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து நான்கு நாள் கடற்கரைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் விடுமுறை என்றால் தூக்கம் என்று நினைப்பவர். அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தங்கிய இடத்துக்கு எதிரிலேயே ஒரு கொட்டகை. அதில் வரிசையாக நீளநீளப் பலகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். சர்ஃபிங் கற்றுத் தருகிற இடமாம். முதல் நாள் காலையில் எட்டு வயது, ஒன்பது வயது வாண்டுகள் பத்துப் பேர் அலைமேல் பலகையைப் போட்டு, பொத்தென்று விழுந்து, சிரித்து, எழுந்து நின்று வந்துகொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் கைகட்டிப் பார்த்தார். "இதென்ன பெரிய வித்தை? கியர் இல்ல, கிளட்ச் இல்ல. வெறும் பேலன்ஸ்."

"அப்ப நீங்களும் போங்களேன்" என்றார் அக்கா.

"போறேன். ஆனா இந்தப் பொடிசுங்களோட எல்லாம் நிக்க முடியாது. எனக்கு மட்டும் தனி வகுப்பு."

தனி வகுப்பு எதற்கு என்று எனக்குத் தெரியாதா? விழுந்தால் ஒருவரும் பார்க்கக் கூடாது. ஆனால் நின்றால் எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்காக என்னை வீடியோ எடுக்க வரச் சொன்னார்.

கொட்டகைக்குப் போய்ப் பதிந்தோம். கற்றுத் தர வந்தது ஒரு பெண். இருபத்து நாலு வயது இருந்தால் அதிகம். வெயிலில் கறுத்த தோள், உப்புத் தண்ணீரில் வெளுத்த முடி.

மாஸ்டர் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர் எங்கம்மா?"

"நான்தான் சார்."

"இல்ல, ஆம்பளை மாஸ்டர் யாரும்..."

"அவங்க பசங்களோட இருக்காங்க சார். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க, காத்து கம்மியா இருக்கும்."

அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் மாஸ்டர் முனகிக்கொண்டே வந்தார். "பொம்பளைகிட்ட கத்துக்கிட்டு உருப்பட்டவன் உண்டா?"

"உங்களுக்கு அ, ஆ யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார் அக்கா.

"அது எழுத்து. இது வண்டி."

அக்கா அங்கேயே, செருப்பில் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார். "சரி, அப்ப ஒண்ணு பேசிக்கலாம். நாளைக்கு அந்தப் பொண்ணு உங்களை அலைமேல நிக்க வச்சுட்டா, திங்கக்கிழமை ரெண்டாவது கார் எனக்கு. நிக்க வைக்கலைன்னா இனிமே அந்தக் காரைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். காலம் பூரா முன்மேஜைதான்."

"காலம் பூராவா?"

"காலம் பூரா."

"இந்தாம்மா, நீ சாட்சி" என்றார் மாஸ்டர் என்னிடம், சந்தோஷமாக. என்னைச் சாட்சி வைத்துவிட்டு யாரும் பின்வாங்கியதில்லை. கட்டடத்தில் நான்கு மாடிக்கும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அக்கா விளையாடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அன்று முழுதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை மாஸ்டர் உடம்போடு ஒட்டும் நீச்சல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் வருவதற்கு ஒரு வினாடி முன்னால் அவர் வயிறு வந்தது. அந்தப் பெண் மணலில் பலகையைப் போட்டு, குப்புறப் படுக்கச் சொன்னாள். கையால் தண்ணீரைத் தள்ளுவது எப்படி, கையை ஊன்றி ஒரே மூச்சில் எழுவது எப்படி, எந்தக் கால் முன்னே, எந்தக் கால் பின்னே என்று காட்டினாள். மாஸ்டர் படுத்தபடியே தலையைத் தூக்கித் திருத்தம் சொன்னார்.

"நீ இவ்ளோ சீக்கிரம் எல்லாத்தையும் சொல்லக் கூடாதும்மா. முதல் நாள் ஸ்டியரிங் மட்டும்தான் சொல்லணும். நான் இருபத்திரண்டு வருஷமா..."

"சார், வாயை மூடிக்குங்க. மண்ணு போகும்."

மணலில் மாஸ்டர் மூன்று தடவை எழுந்து நின்றார். இடது கால் முன்னே, வலது கால் பின்னே. "அவ்ளோதானே?" என்று அக்காவைப் பார்த்தார். மணல் நகரவில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் அந்தப் பெண் பலகையைப் பிடித்துக்கொண்டாள். அலை வந்தது. தள்ளினாள். மாஸ்டர் கையை ஊன்றினார், எழுந்தார், பலகை வேகம் எடுத்தது. அவ்வளவுதான், வலது காலை ஓங்கி ஒரு மிதி. பலகையின் மூக்கு வானத்தைப் பார்த்தது, மாஸ்டர் மல்லாக்கப் போய் விழுந்தார்.

"பின்கால்ல அழுத்தாதீங்க சார், போர்டு நின்னுடும்."

"நான் அழுத்தலையே!"

இரண்டாவது அலை, ஒரு மிதி, மல்லாக்க. மூன்றாவது. ஐந்தாவது. எட்டாவது தடவை விழுந்து எழுந்தபோது மூக்கு வழியாகக் கடல் வந்தது. பொடிசுகள் பத்தும் தங்கள் வகுப்பை விட்டுவிட்டுக் கரையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. தனி வகுப்புக்கு நல்ல கூட்டம். ஒவ்வொரு தடவையும் "ஓ..." என்று இழுத்து, விழுந்ததும் கை தட்டின.

பத்தாவது தடவைக்குப் பிறகு மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் உடனே புரிந்துவிட்டது. விழுந்தால் பந்தயத்தில் தனக்கு ஜெயம் என்பது மனிதருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. "கத்துக் குடுக்கத் தெரியலை!" என்று கடலிலிருந்தே கத்தினார். "நான் என்ன பண்றது?"

அக்கா துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார். முன்மேஜை, விண்ணப்பம், பசை டப்பா, காலம் பூரா. எல்லாம் அந்தத் துண்டுக்குள் இருந்தது. பதிமூன்றாவது மிதி விழுந்தபோது அவர் சட்டென்று துண்டை என் தோளில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார். நானும் போனேன். பேச்சு கேட்காமல் வீடியோ மட்டும் எடுக்க நான் என்ன கேமராவா?

"ஏம்மா, அவர் பிரேக் போடறாரு" என்றார் அக்கா அந்தப் பெண்ணிடம், தாழ்ந்த குரலில்.

"பிரேக்கா?"

"டிரைவிங் மாஸ்டர். வேகம் வந்தா அந்தக் கால் தானா மிதிக்கும். தூக்கத்துலயே மிதிப்பாரு, கட்டில் கால் ஒடிஞ்சிருக்கு. அழுத்தாதேன்னு சொன்னா நிக்காது. பிரேக் உன்கிட்ட இருக்குன்னு சொல்லு."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரிடம் போய், பலகையின் வாலோடு அவர் கணுக்காலைக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "சார், இதான் பிரேக். இது என் கையில இருக்கு. நீங்க மிதிக்கவே வேண்டாம். ஆபத்துன்னா நான் இழுத்து நிறுத்திடுவேன்."

"கண்டிப்பாப் பிடிச்சுப்பியா?"

"கண்டிப்பா சார்."

இருபத்திரண்டு வருடமாக இதே வாக்கை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்! நம்பிவிட்டார்.

அலை வந்தது. அந்தப் பெண் தள்ளினாள், தள்ளிய கையோடு கயிற்றையும் விட்டுவிட்டாள். மாஸ்டர் எழுந்தார். வலது கால் ஒரு துடி துடித்தது, மிதிக்கவில்லை. கையிரண்டும் பக்கவாட்டில் விரிய, வாய் திறக்க, அந்த வயிறும் அவரும் அலையோடு கரையை நோக்கி வந்தார்கள். பொடிசுகள் எழுந்து நின்று கூவின. ஆறு வினாடி. பலகை மணலைத் தொட்டதும் பஸ்ஸிலிருந்து இறங்குவது போல இறங்கினார்.

"எடுத்தியாம்மா? எடுத்தியா?" என்று என்னிடம் ஓடிவந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை உறையைக் கழட்டிடறேன்" என்றார் அக்கா.

சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. "எதுக்கு? அதைப் போய் நின்னதுன்னு சொல்றியா? அது... விழப் போறவன் கொஞ்சம் லேட்டா விழுந்தது."

"இல்ல சார், ஆறு செகண்ட் நின்னீங்க. சூப்பரா நின்னீங்க" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா இரும்மா. நீதான் கயித்தை விட்டுட்டியே. அப்ப நானா நின்னதுதானே அது?"

"நின்னதா, நிக்கலையா? ஒண்ணு சொல்லுங்க" என்றார் அக்கா.

"நிக்கலை" என்றார் மாஸ்டர். "இந்தாம்மா, அந்த வீடியோவை அழிச்சிடு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார். "அழிச்சிடு. அவர்தான் நிக்கலைன்னு சொல்றாரே. ஊர்ல யாராவது கேட்டா, பதிமூணு தடவை விழுந்தாரு, ஒரு தடவைகூட நிக்கலைன்னு நாம உண்மையைச் சொல்லிடலாம்."

நான் போனில் எதையோ அழுத்தினேன். எதை என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். மாஸ்டர்.

"அதை... அழிச்சிட்டியாம்மா?"

"நீங்க சொன்னப்பவே, மாஸ்டர்."

"அடடா" என்றார். குழந்தை கையிலிருந்து பலூன் பறந்த மாதிரி முகம். "முழுசாவா?"

பாவமாக இருந்தது. காட்டினேன். நின்றபடியே ஏழு தடவை பார்த்தார். "வயிறு இல்லாம எடுத்திருக்கலாம். ஆனா அந்தக் கையைப் பாரு, எப்படி விரிச்சிருக்கேன்! எங்க, நிறுத்து. இந்த இடம். இதை நம்ம கட்டடத்து குரூப்ல போட்டா எப்படி இருக்கும்?"

"போட்டா நின்னதா ஆயிடுமே மாஸ்டர்."

யோசித்தார். அவர் யோசித்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கார், இன்னொரு பக்கம் அந்த விரிந்த கை. மூன்றாம் மாடிக்காரர் போன வருடம் மலை ஏறிய போட்டோவைப் போட்டு எண்பது கட்டைவிரல் லைக் வாங்கியவர் என்பதும் நடுவில் வந்து போயிருக்கும். "எனக்கு அனுப்பு" என்றார்.

இரண்டு நிமிஷத்தில் குரூப்பில் வந்துவிட்டது. 'ஐம்பத்து நாலு வயதில். முதல் முயற்சியிலேயே.'

நான் அவர்கள் அறைக்குப் போனபோது மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து போனில் விழுந்த கட்டைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். அறுபத்தொன்று. 'சிங்கம் மாஸ்டர்!' என்று மாடி வீட்டுக்காரர். அதற்கு நேர் கீழே அக்காவின் செய்தி வந்து விழுந்தது: 'அவரை நிற்க வைத்தது ஒரு பெண் பயிற்சியாளர். திங்கட்கிழமை முதல் நம் டிரைவிங் ஸ்கூலிலும் ஒரு பெண் பயிற்சியாளர் உண்டு. நான்தான். காலை ஏழு மணி வகுப்பில் நான்கு இடம்.'

மாஸ்டர் படித்தார். வீடியோவின் மேல் விரலை வைத்து அழுத்தினார். 'அழிக்கவா?' என்று போன் கேட்டது. அதற்குள் எழுபத்து மூன்று ஆகிவிட்டது. விரலை எடுத்துவிட்டார்.

நான்கு இடத்தில் முதல் இடத்தை நான் அங்கேயே நின்று பிடித்தேன். மீதி மூன்றும் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"கார் சாவி எங்க வச்சிருக்கீங்க?" என்றார் அக்கா. உறை போட்ட காரின் சாவியை மனிதர் விடுமுறைக்குக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார். வீட்டில் விட்டுவர அத்தனை நம்பிக்கை.

மாஸ்டர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எண்பத்தி ரெண்டு" என்றார். "பையில. சைடு ஜிப்புல இருக்கு, எடுத்துக்க."