நண்டு செத்த காட்சி

குரங்கு பச்சைக்காயால் அடித்து நண்டைக் கொன்ற கதை எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதைத்தான் நானும் என் கணவர் சதகிச்சியும் படமாக எடுத்தோம். நான் நண்டையும் குரங்கையும் காகிதத்தில் வெட்டி, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவேன். அவர் மேலிருந்து காமிராவின் கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடிப்பார். குட்டி நண்டு ஒருமுறை கொடுக்கைத் தூக்கி இறக்குவதற்குள் என் இடுப்பு ஒடிந்துவிடும்.

செத்துக் கிடக்கும் தாயின் முதுகோட்டைக் குட்டிகள் தட்டித் தட்டி எழுப்பும் காட்சி கதையில் கிடையாது. நான் சேர்த்தது. பூகம்பத் தீயில் எங்கள் மகள் ஹிசே புகை குடித்துச் செத்தபோது, நான் அவள் கன்னத்தை அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்காக ஒரு கொட்டகை ஜனங்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதற்குக் கோகெட்சு மனசு வைக்க வேண்டும். அவர் பென்ஷி, திரைக்குப் பக்கத்தில் நின்று ஊமைப் படத்துக்கு வாய் கொடுப்பவர். எங்கள் அசகுசாக் கொட்டகைக்கு ஜனங்கள் படம் பார்க்கவா வருகிறார்கள்? அவர் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள். போஸ்டரில் அவர் பெயர் பூசணிக்காய் அளவு, எங்கள் பெயர் கடுகளவுகூட இல்லை. இருந்தாலும் அவர்முன் போய்த் தலைகுனிந்து நின்றேன்.

"அந்த ஒரு காட்சிக்கு மட்டும் நீங்க பேசக் கூடாதுங்க. வாத்தியமும் வேணாம்."

"பேசாம நிக்கவா எனக்குச் சம்பளம் தர்றான்?" என்று சிரித்தார்.

ஹிசேவைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"சரிம்மா. வாயே தொறக்க மாட்டேன்."

சொன்ன சொல் தவறவில்லை மனிதர். நண்டு விழுந்தது, வாத்தியம் நின்றது, குட்டிகள் தட்டத் தொடங்கின. கொட்டகையில் ஒரே சலசலப்பு. பென்ஷி பேசாமல் நிற்பதை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்?

"என்னய்யா, வசனம் மறந்துபோச்சா?"

"குடிச்சிட்டு வந்திருக்கான்டா. எறங்குய்யா கீழ!"

ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்துபோய் அவர் மார்பில் விழுந்தது. அவர் என்னைத் தேடினார். இருட்டில் நான் அகப்படவில்லை. குட்டிகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. பாவி, கிழட்டுக் குரலில் தாய் நண்டாகப் பேசிவிட்டார்.

"யாருடா அது கதவைத் தட்டுறது? வாடகைக்கா வந்தீங்க? நான் செத்துட்டேங்க. அடுத்த மாசம் வாங்க."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. அதில் ஒரு சிரிப்பு எனக்குப் பழகிய சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். சதகிச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கொட்டகை முதலாளி எங்களைப் பிடித்துக்கொண்டார். இதே மாதிரி இன்னொன்று வேண்டுமாம், அதில் இரண்டு நண்டு சாக வேண்டுமாம். சதகிச்சி குனிந்து குனிந்து சரி என்றார். தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

"நீங்களுமா சிரிச்சீங்க?"

"தீக்கு அப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கேன். அதுவும் உனக்குப் பொறுக்கலையா?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தக் கை இனி நண்டு வெட்டாது என்றேன்.

"வேணாம் விடு. நண்டை நான் வெட்டிக்கிறேன். நீ குரங்கு மட்டும் வெட்டிக் குடு" என்றார். அந்தச் சிரிப்பு அப்போதும் அவர் உதட்டோரத்தில் இருந்தது.